செப்புக் குடமும் செந்நிற இறால்களும்

சென்ற மாதம் பல்கனியில் கறிவேப்பிலை வளர்ப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். "நாங்கள் தொடர்மாடியில் இருக்கிறோம். நாய், பூனை வளர்க்க அனுமதி இல்லை. முற்றமும் இல்லை. பிள்ளைகளுக்கு ஓர் உயிரைப் பராமரிக்கப் பழக்க வேண்டும் என்று ஆசை. ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டிருந்தார். வழி உண்டு. எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அதில் எனக்கு வெட்கமான ஒரு பகுதியும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதினால்தான் உங்களுக்குப் பயன்படும்.

நாங்கள் வளர்ப்பது நன்னீரில் வாழும் அலங்கார இறால். இறால் என்றதும் சட்டி நினைவுக்கு வரும். இது அந்த இறால் அல்ல. முழுதாய் வளர்ந்தாலும் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது. செரி இறால் என்று கடைகளில் சொல்வார்கள். இதன் மூதாதையர் சீனா, தாய்வான் பக்கத்து ஓடைகளில் வாழ்ந்தவை. அங்கே இவை மங்கிய பழுப்பு நிறத்தில், பார்த்தும் பாராததுபோல இருக்கும். செம்மை கூடியவற்றைத் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தே இன்றைய மிளகாய்ப்பழ நிறத்தைக் கொண்டுவந்தார்கள். இப்போது மஞ்சள், நீலம், செம்மஞ்சள் என்றும் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே இனம்தான். நிறங்களைக் கலந்து விட்டால் சில தலைமுறைக்குள் பேரப்பிள்ளைகள் பழைய பழுப்பு நிறத்துக்கே போய்விடும். ஆகவே ஒரு தொட்டிக்கு ஒரு நிறம்.

தொடங்கிய கதை

2021 இல் பாடசாலைகள் மூடியிருந்த காலம். என் மகனுக்கு அப்போது 11 வயது. காலை முழுவதும் கைத்தொலைபேசியில் பாடம். பின்னேரம் எங்கே போவதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமியும் அவனைப் போலத்தான். கிணறு, பின்வளவு, பக்கத்து வீட்டு வேலி என்று வாழ்ந்தவருக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நான்காம் மாடி என்ன ஆறுதல் தரும்? எனவே ஒரு கண்ணாடித் தொட்டி வாங்குவோம் என்று முடிவு செய்தோம்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்புக்குக் கீழே நிறுத்தினால் ஏறக்குறைய 50 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். இறால் சிறியது என்று போத்தலில் வளர்க்கப் பார்க்காதீர்கள். சிறிய பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் கெடும். தண்ணீர் கூடக்கூட வளர்ப்பவருக்கு வேலை குறையும்.

அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மெல்லிய ஆற்றுக் கூழாங்கல் போட்டோம். காற்றுப் பம்பியோடு இணைக்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று. மோட்டர் வைத்து இழுக்கும் வடிகட்டிகள் இறால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். பஞ்சில் அந்த ஆபத்து இல்லை. அதன்மேல் படியும் அழுக்கையே குஞ்சுகள் மேய்ந்து திரியும்.

செடிகளில் ஜாவாப் பாசியும், எங்கள் நாட்டுக்கே உரிய கிரிப்டோகோரைன் செடிகளும் நட்டோம். இந்தச் செடிக் குடும்பத்தின் பல இனங்கள் இலங்கையின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக முளைப்பதில்லை. ஐரோப்பாவில் ஒருவர் வீட்டு மீன்தொட்டியில் மண்ணிறப் பச்சை இலையோடு நிற்பது நம் நாட்டுச் செடியாக இருக்கலாம். காட்டில் பிடுங்கியதை வாங்காமல், தொட்டிகளில் வளர்த்து விற்பதையே கேட்டு வாங்குங்கள். நட்ட சில நாளில் இலைகள் அழுகிக் கரைந்து போகும். பயந்து பிடுங்கி எறியாதீர்கள். இடம் மாறிய கவலை அதற்கு. வேர் உயிரோடு இருக்கும், சில கிழமைகளில் புதிய இலை விடும். இதைக் கேட்ட மாமி, "இடம்பெயர்ந்தால் யாருக்கும் அப்படித்தான், பிள்ளை" என்றார்.

ஐந்து கிழமை பொறுமை

தொட்டி, தண்ணீர், செடி எல்லாம் தயார். ஆனால் இறாலை உடனே விடக்கூடாது. பலர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். இறாலின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகும். அது நஞ்சு. அதை நைத்திரைற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் உண்டு. நைத்திரைற்றும் நஞ்சுதான். அதைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுபவை வேறு பற்றீரியாக்கள். நைத்திரேற்றைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பற்றீரியாக்கள் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். அதுவரை தொட்டியில் ஒரு சிட்டிகை மீனுணவைப் போட்டுவிட்டு, பம்பியை இரவும் பகலும் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மகன் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் வெட்டிக்கொண்டு வந்தான். ஐந்தாம் கிழமை முடிவில் ஒரு டசின் இறால் வாங்கினோம். கடைப் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகே இறால்களை எடுத்து விட்டோம். தண்ணீரின் தன்மை திடீரென்று மாறுவதை இறாலால் தாங்க முடியாது.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உது எப்ப கறிக்கு வரும்?" என்று கேட்டார். மகன் அழுவாரைப் போலானான். "பகிடிக்குச் சொன்னனான் அப்பன்" என்று அவனை அணைத்துக்கொண்டார்.

கொழும்புத் தண்ணீரும் வெயிலும்

குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும். மனிதரைக் காப்பதற்காகக் கலக்கும் அது இறாலின் செவுள்களை எரிக்கும். பிளாஸ்ரிக் வாளியில் பிடித்து, மூடாமல் 24 மணித்தியாலம் வைத்தால் குளோரீன் பறந்துவிடும். கடையில் கிடைக்கும் குளோரீன் நீக்கியைச் சில துளி விட்டால் இன்னும் உறுதி. எங்கள் வீட்டில் இதற்குப் 'பழகிய தண்ணீர்' என்று பெயர். கிழமைக்கு ஒருதரம் 5 முதல் 10 லீற்றர் மாற்றுவோம். ஆவியாகிக் குறைவதை இடையிடையே நிரப்புவோம்.

இறாலுக்கு ஓடு செய்யக் கல்சியம் வேண்டும். வளர வளர அது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடும். தொட்டியடியில் வெள்ளையாய், இறாலின் வடிவத்திலேயே ஓர் ஓடு கிடக்கும். செத்துப்போனதென்று முதல்நாள் நாங்கள் எல்லோரும் துக்கம் கொண்டாடினோம். பிறகு எண்ணினால் பன்னிரண்டும் இருந்தன! அந்த ஓட்டை எடுத்து வீசாதீர்கள், அவையே தின்றுவிடும். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவதால் கல்சியம் நிறைந்தது. கொழும்புக் குழாய் நீர் மென்மையானது. ஆகவே நாங்கள் சந்தையில் கணவாய் வெட்டும்போது ஓட்டைக் கேட்டு வாங்கி, கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து ஒரு சிறு துண்டைத் தொட்டியில் போடுவோம்.

அடுத்தது சூடு. செரி இறாலுக்கு 20 முதல் 26 பாகை செல்சியஸ் இதமானது. 30 பாகையைத் தாண்டினால் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், முட்டையிடுவதும் குறையும். தொட்டியை யன்னல் வெயில் படாத சுவரோரம் வையுங்கள். மேற்பரப்பில் படும்படி சிறிய மின்விசிறி ஒன்றை ஓடவிட்டால் தண்ணீர் ஆவியாகி, இரண்டு பாகையாவது குளிரும். ஆனால் தண்ணீர் மட்டமும் நாளுக்கு நாள் இறங்கும். இந்த விடயத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

உணவு என்று பெரிதாக இல்லை. செடியிலும் கல்லிலும் படியும் பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் நாள் முழுக்க மேயும். நாட்டு வாதுமை என்றும் சொல்லும் கொட்டங்காய் மரத்தின் காய்ந்து விழுந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால், அது ஊற ஊற அதன்மேல் கூட்டமாய் இருக்கும். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் அவித்த பசளியிலையோ வெள்ளரித் துண்டோ சிறிது போடலாம். இரண்டு மணித்தியாலத்தில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். மரக்கறியை நன்றாகக் கழுவி அவித்தே போடுங்கள். இறாலும் பூச்சிகளும் உடலமைப்பில் உறவினர். பூச்சிநாசினி எதுவோ அதுவே இறாலுக்கும் நஞ்சு.

அதனால்தான் நுளம்புச் சுருளும் மருந்து விசிறலும் தொட்டி இருக்கும் அறையில் கூடாது. அதற்காக நுளம்பைப் பெருகவிடவும் முடியாது. 2017 இல் நம் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானதை மறந்திருக்க மாட்டீர்கள். இறால் நுளம்புக் குடம்பிகளை மீனைப்போலத் தின்று தீர்க்காது. ஆகவே தொட்டியின் வாயை மெல்லிய வலையால் இடைவெளியின்றி மூடுங்கள். தண்ணீர் பிடித்துவைக்கும் வாளிக்கும் அதே வலை. கிழமைக்கு ஒருதரம் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். படுக்க நுளம்புவலை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மின்வெட்டும் மாமியின் அகப்பையும்

2022 பங்குனி மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை. அந்த நேரத்தில் இறாலை யார் நினைப்பார்? மாமி நினைத்தார். பம்பி நின்றதும் இறால்கள் எல்லாம் மேலே வந்து செடி நுனிகளில் தொற்றிக்கொண்டு நிற்பதைக் கண்டவர் அவர்தான். இருட்டில் செடிகளும் ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால் இரவு மின்வெட்டு இன்னும் கடினம்.

"அவையளுக்கு மூச்சு முட்டுது பிள்ளை" என்று சொல்லிவிட்டு, சிரட்டை அகப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றத் தொடங்கினார். மெழுகுதிரி வெளிச்சத்தில், கால்மணிக்கு ஒருதரம். அது மிகச் சரியான வைத்தியம். விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். ஒருநாள் இரவு பத்து மணிக்கு எழுந்து பார்த்தபோது, தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, இறால்களோடு கதைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்தேன். அந்த மாதங்களில் ஓர் இறாலும் சாகவில்லை.

பிறகு அவை பெருகின. பெண் இறாலின் முதுகில் முதலில் சேணம்போல மஞ்சள் திட்டு தெரியும். அது உள்ளே இருக்கும் முட்டை. ஓடு கழற்றியதும் ஆணோடு சேர்ந்து, 20, 30 முட்டைகளை வயிற்றின் கீழே கால்களுக்கிடையில் சுமக்கத் தொடங்கும். கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டேயிருக்கும், முட்டைக்குக் காற்றுப் படவேண்டுமே. மூன்று, நான்கு கிழமையில் குஞ்சுகள் வரும். கடலிறாலைப்போலக் குடம்பிப் பருவம் கிடையாது. எறும்பளவு இறாலாகவே பிறக்கும். 2023 நடுப்பகுதியில் நூற்றுக்கு மேல் இருந்தன. தண்ணீர் நிரப்பும் பொறுப்பு மாமியிடம் போயிருந்தது. உணவும் கணக்கும் மகனிடம்.

கிணற்றிலிருந்து வந்த குடம்

மாமியின் ஊர் வலிகாமம் வடக்கு. 1990 இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தபோது தூக்க முடிந்ததைத் தூக்கினார்கள். முடியாததில் ஒன்று மாமியின் செப்புக் குடம், சீதனத்தோடு வந்தது. வேறு வழியில்லாமல் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, "திரும்பி வந்து எடுப்பம்" என்று வந்தார்களாம். காணி பல வருடங்கள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. 2023 ஆவணியில் கிணற்றை இறைத்துச் சேறு வாரியபோது குடம் அகப்பட்டது. கறுத்து, பச்சை பிடித்து, விளிம்பு நெளிந்து. மைத்துனர் அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து தந்தார்.

மாமி அன்று முழுவதும் பழப்புளி போட்டு மினுக்கினார். மாலையில் குடம் புதுப் பெண்போல இருந்தது. குசினி மூலையில் வைத்து, தண்ணீர் நிரப்பி, அதையே குடித்தார். எங்களுக்கும் தந்தார். யாரும் மறுக்கவில்லை.

பத்து நாள் போனது. காலையில் இரண்டு இறால் செத்துக் கிடந்தன. வயது போயிருக்கும் என்று எண்ணினோம், ஏனென்றால் செரி இறாலின் ஆயுளே ஒன்று, இரண்டு வருடம்தான். மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. செம்மை வெளிறி, பக்கவாட்டில் சரிந்து, கால்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன.

கல்லுக்குள் அழுகிய வெள்ளரித் துண்டு ஒன்று கிடந்தது. மகன் எடுக்க மறந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. "உன்ர கவனயீனத்தால ஒரு தொட்டி உயிரும் போச்சு. ஒரு பொறுப்பை நம்பித் தர ஏலாது" என்று ஏசினேன். அவனுக்கு அப்போது 13 வயது. ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தான் எழுதி வந்த கணக்குக் கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்தான். அதன்பிறகு தொட்டிப் பக்கமே வரவில்லை.

என் கணவர் கடையிலிருந்து பரிசோதனைத் துளிமருந்து வாங்கிவந்து அமோனியா பார்த்தார். இல்லை. நைத்திரைற்றும் இல்லை. அப்படியானால் வெள்ளரித் துண்டு காரணமில்லை. என் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது.

மூன்றாம் நாள் காலை, நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்க, மாமி செப்புக் குடத்திலிருந்து ஒரு சாடி தண்ணீரை வார்த்தெடுத்துக்கொண்டு தொட்டியை நோக்கிப் போனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொட்டிக்கு மேலே சுவரில், மகன் 2021 இல் எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. "சவர்க்காரம் கூடாது. நுளம்புச் சுருள் கூடாது. செப்பு கலந்த மருந்து கூடாது." இரண்டு வருடமாக நாங்கள் எல்லோரும் அதைப் படித்தோம். மருந்தைப் பற்றி யோசித்தோமே தவிர, குடத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

ஏன் செப்பு?

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம்வரை செப்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். நமக்குத் தாங்கும் அந்த அளவில் நூற்றில் சில பங்கே சிறிய இறாலைக் கொல்லப் போதும். வேடிக்கை என்னவென்றால், நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இறாலின் இரத்தத்தில் செப்புத்தான் செய்கிறது. உடலுக்குள் அளவோடு இருக்க வேண்டிய அதே உலோகம், தண்ணீரில் கரைந்து செவுளில் படியும்போது நஞ்சாகிறது. மென்மையான தண்ணீரில் அதன் கொடுமை கூடும். புளியால் மினுக்கிய புது மேற்பரப்பு, இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீர், நாளுக்கு இரண்டு லீற்றர், பத்து நாள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். செப்பு தொட்டியிலேயே தங்கித் தங்கிச் சேர்ந்திருக்கிறது.

மாமி செய்தது என்ன? 'பழகிய தண்ணீர்' ஊற்றச் சொன்னேன். எந்தப் பாத்திரத்தில் பழகியது என்று நான் சொல்லவேயில்லை. வீட்டில் இருந்ததிலேயே நல்ல தண்ணீர் என்று அவர் நம்பியதைக் கொடுத்தார்.

முதலில் மகனிடம் போனேன். "அம்மாதான் பிழை. விசாரிக்காமல் ஏசிப்போட்டன். மன்னிச்சுக்கொள்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பம்மாவுக்குச் சொல்லாதேங்கோ அம்மா" என்றான்.

எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். சொல்லாவிட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லி அவர் கையிலிருந்து தண்ணீர்ப் பொறுப்பைப் பறிக்க வேண்டும். தனக்கு ஏலாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள் என்று அவர் எண்ணுவார். வயதானவர்களிடம் உண்மையை மறைப்பதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். பல வேளைகளில் அது அவர்களை வீட்டின் நடுவிலிருந்து மூலைக்குத் தள்ளுவதுதான்.

அன்று பின்னேரம் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னேன். மாமி குடத்தைப் பார்த்தார். "நல்ல தண்ணி எண்டுதானே ஊத்தினன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இரவு அரைவாசிச் சாப்பாட்டோடு எழும்பிவிட்டார்.

மிஞ்சியவை பதினேழு

சாடியோடு மாமியைக் கண்ட அன்று காலையே வேலையைத் தொடங்கியிருந்தோம். உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது இதுதான். உயிரோடு இருப்பவற்றைப் பழைய தண்ணீர் சிறிதோடு ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்கு மாற்றுங்கள். பிளாஸ்ரிக் வாளியில் பழகிய தண்ணீரை ஒரு கோப்பை, பிறகு ஒரு கோப்பை என்று இரண்டு மணித்தியாலத்தில் சேருங்கள். பஞ்சு வடிகட்டியை அதே நல்ல தண்ணீரில் பலமுறை அலசிப் பொருத்துங்கள். இரண்டு நாளைக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். பழைய கல்லையும் பாசியையும் திரும்பப் பாவிக்க வேண்டாம், செப்பு அவற்றில் ஒட்டியிருக்கும்.

எண்ணினோம். பதினேழு. அதில் ஒன்று முட்டை சுமந்திருந்தது.

மறுநாள் காலை மாமி எனக்கு முன்னே எழுந்திருந்தார். பேரனைக் கூப்பிட்டு, "அப்பன், உன்னில பிழையில்லை. அப்பம்மாவாலதான்" என்றார். அவன், "கரண்ட் இல்லாத நேரம் காப்பாத்தினதும் நீங்கள்தானே அப்பம்மா" என்றான். அவர் ஒன்றும் சொல்லாமல் அவன் தலையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அவையளுக்கு எந்த வாளி?" என்று கேட்டார்.

நீல வாளி ஒன்றைக் கொடுத்தேன். மகனிடம் மைப்பேனை வாங்கி, அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் "இறால்" என்று அவரே எழுதினார். அந்த வாளியை இன்றுவரை நாங்கள் வேறொன்றுக்கும் எடுப்பதில்லை. குடம் குசினி மூலையில்தான் இருக்கிறது. அதில் மாமி தண்ணீர் குடிக்கிறார், நாங்களும் குடிக்கிறோம்.

மூன்று கிழமை கழித்துப் பேசினின் ஓரத்தில் தூசிபோல ஏதோ அசைந்தது. மகன் கைவிளக்கு அடித்துப் பார்த்தான். குஞ்சுகள். அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தான்.

வளர்க்க நினைக்கும் சகோதரிகளுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பெருகினால் அயலவருக்குக் கொடுங்கள், கடைக்குக் கொடுங்கள். வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீர்கள். நம் நாட்டு ஓடைகளில் நமக்கே உரிய சிறு இறால்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஹோர்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர் நீரில் மட்டுமே வாழ்கிறது. வெளியிலிருந்து வந்த இனம் பெருகினால் அவற்றின் இடம் போய்விடும்.

இன்னொன்று. வீட்டில் ஓர் இழப்பு நேரும்போது, முதலில் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் ஒரு பிள்ளையின் தவறாகத்தான் இருக்கும். ஏசுவதற்கு முன்னால் ஒரு நாள் பொறுத்துத் தேடிப் பாருங்கள். எனக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தால், என் மகன் மூன்று நாள் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்க மாட்டான்.

அடுத்த மாதம், மழைக்கு முன் அலுமாரித் துணிகளைப் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது பற்றிக் கதைப்போம்.